பணியிடப் பட்டியல் யாரைப் பற்றிப் பேசுகிறது?

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் பாஸ்டன் உயர்மறைமாவட்டத்தில் (பேராயர் ஒருவரின் பொறுப்பில் உள்ள கத்தோலிக்கத் திருச்சபைப் பகுதி), சிறார்களிடம் பாலியல் குற்றம் புரிந்த குருக்கள் பல ஆண்டுகள் பங்கு விட்டுப் பங்கு (ஒரு கோயிலைச் சார்ந்த மக்கள் சமூகம்) மாற்றப்பட்டு வந்த செய்தி எப்படி வெளிவந்தது என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். 'பாஸ்டன் குளோப்' நாளிதழின் நிருபர்கள் மறைமாவட்டத்தின் ஆண்டுக் கையேடுகளின் துணையோடு கண்டுபிடித்தார்கள் என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தோம். அந்த ஒரு வரியை விரித்துச் சொல்லும்படி கேட்டும், அதோடு மாறுபட்டும் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. எனவே இந்த இதழில் வேறு பொருளை எடுக்கவில்லை.

கேள்வி: முகவரியும் தொலைபேசி எண்ணும் அச்சிட்ட ஒரு கையேட்டிலிருந்து குற்றத்தை எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? நம் ஆயர் இல்லங்களும் அப்படிப்பட்ட கையேடுகளை வெளியிடத்தானே செய்கின்றன?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: குற்றத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு குரு எந்த ஆண்டில் எங்கே இருந்தார், எந்த ஆண்டில் எங்கேயும் இல்லை என்பதைத்தான் கண்டுபிடிக்க முடியும். பாஸ்டனில் நடந்ததும் அதுவே.

2001ஆம் ஆண்டில் குளோப் நாளிதழின் 'ஸ்பாட்லைட்' என்னும் புலனாய்வுக் குழுவினர் ஜான் கேகன் என்ற முன்னாள் குருவைப் பற்றிய வழக்குகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். வழக்கு ஆவணங்கள் முத்திரையிடப்பட்டிருந்தன. அவற்றைத் திறக்க நாளிதழ் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி கான்ஸ்டன்ஸ் ஸ்வீனி 2001 நவம்பரில் திறக்க ஆணையிட்டார். அதற்கிடையே நிருபர்கள் கையில் இருந்தவை உயர்மறைமாவட்டமே ஆண்டுதோறும் அச்சிட்டு வந்த கையேடுகள். ஒவ்வொரு குருவின் பெயருக்கும் எதிரே அவருடைய பங்கு அச்சிடப்பட்டிருக்கும். பங்கில் இல்லாதவர் பெயருக்கு எதிரே 'நோய் விடுப்பு', 'நியமனத்துக்குக் காத்திருப்பவர்', 'நியமனம் இல்லாதவர்' போன்ற குறிப்புகள் இருக்கும். உரிமையியல் வழக்கிலோ சமரசத் தொகை வழங்கியதிலோ பெயர் அடிபட்ட குருக்களை எடுத்து, ஆண்டு வாரியாகப் பின்னோக்கிப் பார்த்தபோது, அவர்களில் பலருடைய வரிசையிலும் இந்தக் குறிப்புகள் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. பிறகு எதிர்த்திசையிலும் தேடினார்கள்: இதே குறிப்புகளைத் தாங்கிய வேறு பெயர்கள் எவை என்று பக்கம் பக்கமாகப் பார்த்து ஒரு கணினி அட்டவணையில் ஏற்றினார்கள். அந்த அட்டவணையை உருவாக்கியவர் மேட் கரோல் என்ற நிருபர்.

இந்த இரண்டாவது தேடலைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அட்டவணை யாரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. யாரைப் பற்றி மேலும் விசாரிக்க வேண்டும் என்று மட்டுமே சொன்னது. அதன்பின் வழக்கறிஞர்கள், பாதிக்கப்பட்டவர்கள், நீதிமன்றக் கட்டுகள் என்று ஒவ்வொரு பெயராகச் சரிபார்க்கப்பட்டது. 2002 ஜனவரி 6 அன்று முதல் கட்டுரை வந்தது. அதே மாத இறுதியில், முந்தைய 10 ஆண்டுகளில் குறைந்தது 70 குருக்கள் மீதான புகார்களை உயர்மறைமாவட்டம் ஓசையில்லாமல் பணம் கொடுத்து முடித்திருக்கிறது என்ற செய்தியும் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கர்தினால் பெர்னார்ட் லா பேராயர் பதவியிலிருந்து விலகினார்.

நம் மறைமாவட்டக் கையேடுகளைப் பற்றிய உங்கள் குறிப்பு சரியே. ஆண்டுதோறும் ஒழுங்காக வெளிவந்து, பழைய பிரதிகள் தூக்கி எறியப்படாமல் நூலகத்தில் கிடந்தால் எந்தக் கையேடும் காலப்போக்கில் ஒரு சாட்சியமாகிவிடும். அச்சிட்டவர்கள் அந்த நோக்கத்தோடு அச்சிடாததே அதன் நம்பகத்தன்மைக்குக் காரணம்.

கேள்வி: எங்கள் மறைமாவட்டத்தில் எல்லாக் குருக்களுக்கும் ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் வருகிறது. மாற்றல் வந்தவரையெல்லாம் சந்தேகப்படச் சொல்கிறீர்களா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கண்டிப்பாக இல்லை. அமெரிக்காவிலும் பங்குத்தந்தையர்க்கு 6 ஆண்டுக் காலவரையறை வைத்து அதைப் புதுப்பிக்கும் வழக்கம் உண்டு. உதவிப் பங்குத்தந்தையர் அதைவிட விரைவாகவே மாறுவார்கள். ஆகவே மாற்றல்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது.

கேகனின் பணிவரிசையையே பாருங்கள். 1962இல் குருப்பட்டம். சாகஸ் என்ற ஊரில் 4 ஆண்டுகள்; கன்கார்டில் ஓராண்டுக்கும் குறைவு; ஹிங்கமில் 1967 முதல் 1974 வரை; ஜமைக்கா பிளெயினில் 1980 வரை; பிறகு ஓராண்டு நோய் விடுப்பு; டார்செஸ்டரில் 1981 முதல் 1984 வரை; வெஸ்டனில் 1984 முதல் 1993 வரை. 7 ஆண்டு, 6 ஆண்டு, 9 ஆண்டு என்று நீளும் இந்த வரிசையை விவரம் தெரியாத ஒருவரிடம் காட்டினால், நிலையாக ஓரிடத்தில் பணி செய்யும் குரு என்றுதான் சொல்வார். இவர் மீது 130க்கும் மேற்பட்டோர் புகார் சொல்லியிருக்கிறார்கள். இந்த 6 பங்குகளின் பட்டியலில் உறுத்துவது கன்கார்டின் சில மாதங்களும் 1980ஐ ஒட்டிய இடைவெளியும் மட்டுமே. அந்த இடைவெளியின் முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதைக் கையேடு சொல்லாது. ஆயர் இல்லத்துக் கோப்புதான் சொல்லும்.

எனவே தேடுபவர்கள் எண்ணிக்கையைவிடச் சில சிறு அடையாளங்களையே கவனிக்கிறார்கள். வழக்கமான மாற்றல் பருவத்துக்கு வெளியே திடீரென்று நேர்ந்த மாற்றம், மூப்பு இருந்தும் கடைசிவரை பங்குத்தந்தை ஆக்கப்படாமை, ஓராண்டு எந்த மறைமாவட்டத்தின் பக்கத்திலும் பெயர் இல்லாமை, பங்குப் பணியிலிருந்து மருத்துவமனை ஆன்ம ஆலோசகர் பணிக்கோ முதியோர் இல்லத்துக்கோ அனுப்பப்படுதல் ஆகியவை அவற்றுள் சில. இவை ஒவ்வொன்றுக்கும் குற்றமற்ற காரணமும் இருக்கக்கூடும். நோய் விடுப்பில் போன குருக்களில் உண்மையாகவே நோயுற்றவர்கள், குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவர்கள், வயதான பெற்றோரைக் கவனிக்கப் போனவர்கள் எல்லோரும் இருந்தார்கள். அவர்களுக்கும் அதே குறிப்பைப் போட்டதனால்தான் அது மற்றவர்களுக்கு நல்ல மறைவிடமாயிற்று.

மாற்றலுக்கும் குற்றத்துக்கும் புள்ளியியல் அளவிலான தொடர்பு இல்லாமலும் இல்லை. ஜெர்மனியில் ஆயர் பேரவையே கேட்டு நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. 1946 முதல் 2014 வரையிலான கோப்புகளில் குற்றம் சாட்டப்பட்ட 1,670 திருநிலையினரை (குருக்கள், திருத்தொண்டர்கள்) அது கணக்கிட்டது. மற்றக் குருக்களைவிட அவர்கள் அதிக முறை இடம் மாற்றப்பட்டிருந்ததையும் அது பதிவு செய்தது. அமெரிக்காவில் ஜான் ஜே கல்லூரி 2004இல் வெளியிட்ட ஆய்வில், 1950 முதல் 2002 வரை 4,392 குருக்கள் மீது புகார் இருந்தது. அவர்களுள் 149 பேர் மீது தலைக்குப் பத்தோ அதற்கு மேலோ புகார்கள்; மொத்தப் புகார்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் இந்த 149 பேரைச் சார்ந்தவை. முதற்புகாரோடு இவர்கள் பணியிலிருந்து நிறுத்தப்பட்டிருந்தால் அந்த விகிதம் எவ்வளவு சுருங்கியிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: குருக்களை மாற்றுவது ஆயர் ஒருவருடைய முடிவா? தெரியாமல் நடந்த தவறு என்று அவர்கள் சொல்வதை ஏன் ஏற்கக்கூடாது?
– வாசகர், திருச்சி

பதில்: நியமன ஆணையில் கையெழுத்திடுவது ஆயரே. ஆனால் அதற்குமுன் குருகுல முதல்வர், துணை ஆயர்கள், ஆலோசகர் குழு, குருக்கள் பணி நியமனத்தைக் கவனிக்கும் அலுவலர் என்று பலர் அதைப் பார்க்கிறார்கள். தெரியாமல் நடந்ததா என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. ஒவ்வொரு மாற்றலுக்கும் தனித்தனியாகத்தான் விடை தேட வேண்டும். பணியிடப் பட்டியலைத் தொகுப்பதன் பயன் இங்கேதான் முழுமையாக வெளிப்படுகிறது. புகார்க் கடிதத்தின் தேதியை ஒரு பக்கமும் நியமனத்தின் தேதியை மறு பக்கமும் வைத்துப் பார்த்தால், எது முந்தியது என்பது தெரிந்துவிடும்.

பாஸ்டனில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 7 சிறுவர்களின் உறவினரான ஒரு பெண்மணி, கேகனைப் பற்றி 1982இல் அப்போதைய பேராயர் கர்தினால் மெதெய்ரோஸுக்கே கடிதம் எழுதினார். கேகன் டார்செஸ்டர் பங்கில் தொடர்ந்தார். 1984இல் கர்தினால் லா பொறுப்பேற்றார். அந்த ஆண்டின் பிற்பகுதியில் கேகன் வெஸ்டன் பங்குக்கு அனுப்பப்பட்டார். அந்த டிசம்பர் 7ஆம் தேதி துணை ஆயர் ஜான் டார்சி புதிய பேராயருக்கு எழுதினார்: இந்தக் குருவுக்குச் சிறுவர்கள் தொடர்பான பழைய வரலாறு இருக்கிறது, இந்த நியமனம் கவலை தருகிறது, சிகிச்சை பெறும் காலத்தில் இவரை வார இறுதிப் பணிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்பது அக்கடிதத்தின் சாரம். நியமனம் மாறவில்லை, 1993 வரை அவர் அங்கே இருந்தார். தேதிகள் இப்படி இருக்கும்போது அறியாமை என்ற விளக்கத்துக்கு இடம் மிகக் குறைவு.

ஆஸ்திரேலியாவில் இதே கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. பல்லராட் மறைமாவட்டத்தின் குரு ஜெரால்ட் ரிட்ஸ்டேல், மில்டுரா, ஸ்வான் ஹில், வார்னாம்பூல், அப்பல்லோ பே, இங்கில்வுட், ஈடன்ஹோப், மார்ட்லேக் என்று விக்டோரியா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ஊர் விட்டு ஊர் மாற்றப்பட்டவர்; 1993இல் முதன்முறை தண்டிக்கப்பட்டு, மேலும் பல வழக்குகளில் சிறையில் இருந்து, 2025இல் இறந்தார். 1982இல் மார்ட்லேக்கிலிருந்து அவரை எடுக்க முடிவு செய்த ஆலோசகர் கூட்டத்தில் பின்னாளில் கர்தினாலான ஜார்ஜ் பெல்லும் ஒரு உறுப்பினர். காரணம் தமக்குச் சொல்லப்படவில்லை என்று பெல் மறுத்தார். அரசு நியமித்த ராயல் கமிஷனோ, அவருக்குக் காரணம் சொல்லப்பட்டிருந்தது என்றே முடிவு செய்தது. கமிஷன் அறிக்கையின் அந்தப் பகுதி 2020 மே மாதம் வெளியானது. அதற்கு முந்தைய மாதம்தான், பெல் மீதே தனியாகச் சுமத்தப்பட்டிருந்த பாலியல் குற்றத்திலிருந்து ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் 7 நீதிபதிகளும் ஒருமனதாக அவரை விடுவித்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒருவர் தாம் குற்றம் செய்தாரா என்பது ஒரு கேள்வி. மற்றொருவரின் குற்றத்தை அறிந்திருந்தும் இட மாற்றத்துக்குத் தலையசைத்தாரா என்பது வேறு கேள்வி. பணியிடப் பட்டியல் இரண்டாவது கேள்விக்கு உரியது. அதனால்தான் அது குருவைவிட அவரை அனுப்பியவரைப் பற்றியே அதிகம் பேசுகிறது என்பது எம் கருத்து.

கேள்வி: மறைமாவட்டத்தை விட்டு வேறு மறைமாவட்டத்துக்கோ வேறு நாட்டுக்கோ போய்விட்டால் என்ன செய்வது? நம் ஊர்க் குருக்கள் பலர் வெளிநாட்டில் பணி செய்கிறார்களே!
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கையேட்டு வழித் தேடல் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அமெரிக்கா முழுவதற்கும் ஆண்டுதோறும் வெளிவரும் 'அஃபிஷியல் கத்தோலிக் டைரக்டரி' என்ற பெருநூல் ஒன்று உண்டு. அதன் ஒரு பகுதி மறைமாவட்டம் மறைமாவட்டமாகப் பங்குகளையும் அங்குள்ள குருக்களையும் தரும். மற்றொரு பகுதி குருக்களின் பெயர்களை அகரவரிசையில் தரும். ஒரு குரு மாசசூசெட்ஸிலிருந்து மினசோட்டாவுக்குப் போனாலும் பெயர் வரிசையைப் பிடித்துக்கொண்டு தொடரலாம்.

ஜேம்ஸ் போர்ட்டர் அப்படித் தொடர வேண்டிய ஒருவர். 1960இல் குருப்பட்டம் பெற்று, ஃபால் ரிவர் மறைமாவட்டத்தில் நார்த் அட்டில்பரோ, ஃபால் ரிவர், நியூ பெட்ஃபர்ட் என்று மூன்று இடங்களில் புகார்களுக்கு ஆளானபின், 1967இல் நியூ மெக்ஸிகோவின் ஹேமஸ் ஸ்பிரிங்ஸ் என்னும் இடத்தில் பாரக்லீட் ஊழியர் சபை சிக்கலுக்கு ஆளான குருக்களுக்காக நடத்திய சிகிச்சை இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து மினசோட்டாவின் பெமிஜியில் ஒரு பங்குக்குப் போனார். அங்கும் சிறுவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 1974இல் குருத்துவத்தை விட்டு விலகினார். 1993இல்தான் 18 முதல் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இதில் கசப்பான முரண் ஒன்று உண்டு. அந்த இல்லத்தை 1947இல் தொடங்கிய அருட்தந்தை ஜெரால்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட், சிறாரிடம் குற்றம் புரிந்த குருக்களைத் திரும்பப் பணிக்கு அனுப்பக்கூடாது என்று 1950களிலேயே ஆயர்களுக்கு எழுதியவர். 1963இல் திருத்தந்தை ஆறாம் பவுலுக்கும் எழுதினார். இவர்களைத் தனியே வைக்கக் கரீபியன் கடலில் ஒரு தீவைக்கூடத் தேடினார். அவருடைய இல்லமே பின்னர் இவர்கள் மீண்டும் பங்குகளுக்குப் போகும் வழியில் ஒரு நிறுத்தமாக ஆனது.

நாடு கடந்தால் இந்த நூலும் கைவிட்டுவிடும். வெளிநாட்டுக் குரு அங்கே பணியில் இருக்கும் வரைதான் பெயர் இருக்கும். போனபின் எங்கே போனார் என்று அது சொல்லாது. தமிழ்நாட்டோடு நேரே தொடர்புள்ள ஒரு வழக்கு இதற்கு எடுத்துக்காட்டு. உதகை மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஒரு குரு 2004, 2005ஆம் ஆண்டுகளில் மினசோட்டாவின் குரூக்ஸ்டன் மறைமாவட்டத்தில் பணியாற்றினார். அங்கே பதின்ம வயதுப் பெண்கள் அவர் மீது புகார் செய்தார்கள். அதற்குள் அவர் இந்தியா திரும்பியிருந்தார். அமெரிக்காவில் குற்றம் சாட்டப்பட்டவர் உதகையில் மறைமாவட்டப் பள்ளிகள் தொடர்பான பொறுப்பில் இருப்பதை 2010இல் செய்தி நிறுவனம் ஒன்று வெளிக்கொணர்ந்தது. 2012இல் தமிழ்நாட்டில் கைதானார். அமெரிக்காவுக்கு ஒப்படைக்கப்பட்டு 2015இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஓராண்டும் ஒரு நாளும் தண்டனை பெற்று, ஏற்கெனவே சிறையில் கழித்த காலம் கழிக்கப்பட்டு நாடு திரும்பினார். 2016இல், வத்திக்கானைக் கலந்தபின், அவர் மீதிருந்த பணித்தடையை உதகை ஆயர் நீக்கினார்.

அமெரிக்க ஆயர்கள் 2002இல் டாலஸ் நகரில் கூடி வகுத்த விதிகளின்படி, சிறாரிடம் பாலியல் குற்றம் செய்த குருவை வேறு மறைமாவட்டப் பணிக்கு மாற்றக்கூடாது. வெளியிலிருந்து வரும் குருவை ஏற்கும் ஆயர் அவருடைய பழைய வரலாற்றைக் கேட்டுப் பெற வேண்டும். ஆனால் அது அமெரிக்காவுக்கான விதி. திரும்பி வந்தவரை இங்கே என்ன செய்வது என்பதை அது கட்டுப்படுத்தாது. இந்தியாவில் 2012இன் போக்சோ சட்டம், சிறார் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆயர் இல்லமும் அதற்கு விலக்கல்ல. ஆனால் வேறொரு நாட்டில் தண்டிக்கப்பட்டவரின் பெயரை இங்குள்ள பங்கு மக்கள் தெரிந்துகொள்ளும்படி ஒரு பட்டியல் வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே நாம் நினைக்கிறோம்.

கேள்வி: ஆயர் இல்லங்களில் இரகசியக் காப்பகம் இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா?
– வாசகி, சென்னை

பதில்: உண்மை; அதில் சதி எதுவும் இல்லை, திருச்சபைச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 489ஆம் விதி, ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் பூட்டப்பட்ட தனிக் காப்பகமோ பெட்டகமோ இருக்க வேண்டும் என்கிறது. அடுத்த விதி, சாவி ஆயரிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது. ஒழுக்கம் தொடர்பான குற்ற வழக்குகளில் குற்றவாளி இறந்துவிட்டாலோ தீர்ப்பு வந்து 10 ஆண்டுகள் கடந்தாலோ ஆவணங்களை அழித்துவிட்டு, நடந்ததன் சுருக்கத்தையும் இறுதித் தீர்ப்பையும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே 489ஆம் விதி சொல்கிறது.

பென்சில்வேனியா மாநிலப் பெருநடுவர் குழு (குற்றப் புகார்களை விசாரிக்கும் குடிமக்கள் குழு) 6 மறைமாவட்டங்களின் இக்காப்பகங்களை ஆணை மூலம் திறக்கச் செய்தது. 2018 ஆகஸ்டில் வெளியான அதன் அறிக்கை 301 குருக்களையும், அடையாளம் காணத்தக்க 1,000க்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டோரையும் குறிப்பிட்டது. கோப்புகளில் மீண்டும் மீண்டும் தென்பட்ட நடைமுறைகளையும் அது தொகுத்துக் காட்டியது: குற்றத்துக்கு மென்மையான பெயர் வைப்பது, திருச்சபை சார்ந்த சிகிச்சை மையத்துக்கு மதிப்பீட்டுக்கு அனுப்புவது, பங்கு மக்களிடம் நோய் விடுப்பு என்றோ நரம்புத் தளர்ச்சி என்றோ சொல்வது, ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டால் தெரியாத ஊருக்கு மாற்றுவது, காவல்துறையிடம் சொல்லாமல் இருப்பது. பாஸ்டன் நிருபர்கள் வெளியே நின்று கையேட்டில் படித்ததன் உட்பக்கம் இது.

அழிக்க முயன்றும் தப்பிய காகிதமும் உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் 1994இல், பணியில் இருந்த குருக்களில் புகாருக்கு ஆளான 35 பேரின் பட்டியல் ஒன்று உள்ளுக்குள்ளேயே தயாரிக்கப்பட்டது. கர்தினால் பெவிலாக்வா அதைக் கிழித்துப் போட ஆணையிட்டார். பூட்டிய பெட்டகம் ஒன்றில் ஒரு பிரதி மிஞ்சிக் கிடந்து, 2012இல் நீதிமன்றத்தில் வெளிப்பட்டது.

கேள்வி: இப்போது மறைமாவட்டங்களே பெயர்ப் பட்டியல் வெளியிடுகின்றனவே. இன்னும் பழைய கையேடுகளைப் புரட்ட வேண்டுமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: வேண்டும். மறைமாவட்டப் பட்டியல்கள் ஒரே அளவுகோலில் தயாரிக்கப்பட்டவை அல்ல. சிலவற்றில் பெயர், குருப்பட்ட ஆண்டு, பணியாற்றிய பங்குகள் எல்லாம் இருக்கின்றன; சிலவற்றில் பெயர் மட்டுமே. துறவற சபைக் குருக்களைச் சேர்ப்பதா, இறந்தபின் புகார் வந்தவர்களைச் சேர்ப்பதா, எது நம்பத்தகுந்த புகார் என்பவற்றை அந்தந்த ஆயரே முடிவு செய்கிறார். இல்லினாய் மாநில அரசுத் தலைமை வழக்கறிஞரின் 2023 அறிக்கை இதைத் தெளிவாகக் காட்டியது: விசாரணை தொடங்குமுன் அங்குள்ள மறைமாவட்டங்கள் பகிரங்கமாக ஒப்புக்கொண்டிருந்தவை 103 பெயர்கள், விசாரணை முடிவில் அறிக்கையில் இடம்பெற்ற குருக்களும் துறவற சகோதரர்களும் 451 பேர், பாதிக்கப்பட்ட சிறார் 1,997 பேர்.

பங்குகளின் பெயர் இல்லாத பட்டியலால் பாதிக்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் பயன் இல்லை. பத்து வயதில் நேர்ந்ததை ஐம்பது வயதில் சொல்ல வருபவருக்குக் குருவின் முழுப் பெயர் நினைவிருக்காது. எந்தக் கோயில், எந்த வகுப்பில் படித்தபோது என்பது நினைவிருக்கும். பங்கையும் ஆண்டையும் கொண்டு பெயரைக் கண்டுபிடிக்கத்தான் அவருக்குப் பட்டியல் தேவைப்படுகிறது. 2003இல் மாசசூசெட்ஸில் தொடங்கப்பட்ட 'பிஷப் அக்கவுன்டபிலிட்டி' என்ற அமைப்பு, டெரன்ஸ் மெக்கீர்னன், ஆன் பாரெட் டாயில் ஆகியோரின் பொறுப்பில், பெரிய டைரக்டரியை ஆண்டு ஆண்டாகப் பார்த்துக் குருக்களின் பணிவரிசைகளைத் தொகுத்து வைத்திருப்பதன் காரணமும் இதுவே.

கேள்வி: பொய்ப் புகாரில் சிக்கிய குருவின் கதி? பட்டியலில் ஒருமுறை ஏறிய பெயர் இறங்குமா?
– குருமாணவர் ஒருவர், மதுரை

பதில்: எளிதில் இறங்காது. ஆகவே உங்கள் கவலை நியாயமானது. பென்சில்வேனியா அறிக்கையிலேயே, தங்களுக்குப் பதில் சொல்ல உரிய வாய்ப்பு அளிக்கப்படவில்லை என்று முறையிட்ட 11 பேரின் பெயர்களை நிரந்தரமாக மறைக்கும்படி மாநில உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஒழுங்காகத் தொகுப்பவர்கள் குற்றம் சாட்டப்பட்டவர், வழக்குத் தொடரப்பட்டவர், தண்டிக்கப்பட்டவர், விடுவிக்கப்பட்டவர் என்ற நிலைகளைப் பிரித்தே எழுதுகிறார்கள். பணிவரிசை மட்டும் கையில் இருக்கும்போது ஒருவர் பெயரை வெளியே சொல்வது தவறு. புகாரோ ஆவணமோ முதலில் இருந்து, பணிவரிசை அதைத் தொடர்ந்து வர வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் நோயுற்று விடுப்பில் போன நல்ல குருவும் சந்தேகத்துக்கு ஆளாவார். ஆனால் இதற்காகப் பட்டியலே கூடாது என்று நாம் சொல்ல மாட்டோம். காரணத்தை மறைத்து 'நோய் விடுப்பு' என்று அச்சிட்டவர்கள்தான் குற்றமற்றவர்களையும் இந்த இக்கட்டில் மாட்டிவிட்டார்கள்.

கேள்வி: அமெரிக்காவில் பல ஆண்டுகளாக வாழும் என் உறவினர், 1970களில் தம் மனைவியின் பங்கில் இருந்த உதவிப் பங்குத்தந்தை யார் என்று தேட விரும்புகிறார். எங்கே தொடங்குவது?
– வாசகர், புதுச்சேரி

பதில்: கத்தோலிக்கப் பல்கலைக்கழக நூலகங்களிலும் பெரிய பொது நூலகங்களிலும் பழைய ஆண்டுகளின் டைரக்டரி இருக்கும். முதலில் மறைமாவட்டப் பகுதிக்குப் போய், ஊரின் பெயரின் கீழ்ப் பங்கைக் கண்டுபிடித்து, அதில் உள்ள எல்லாக் குருக்களின் பெயர்களையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகுதான் ஒவ்வொரு பெயரையும் அகரவரிசையில் முன்னும் பின்னும் தொடர வேண்டும். அந்த நூல் பொதுவாக அந்தந்த ஆண்டின் ஜனவரி முதல் நாளில் இருந்த நிலையைக் காட்ட முயல்கிறது. எனவே 1974 கோடையில் வந்தவர் 1975ஆம் ஆண்டு நூலில்தான் தென்படக்கூடும். சம்பவம் நடந்த ஆண்டுக்கு முன்னொன்றும் பின்னொன்றுமாக நூல்களைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது. சில மாதங்களே இருந்துவிட்டுப் போனவர் இரண்டு ஜனவரிகளுக்கு இடையே விழுந்து எந்த நூலிலும் இல்லாமல் போகலாம். அப்போது பங்கின் வெள்ளி விழா, பொன் விழா மலர்களும் மறைமாவட்டச் செய்தித்தாளின் நியமன அறிவிப்புகளும் உதவும். பாஸ்டன் பகுதிக்கு 'தி பைலட்' என்ற இதழ் அத்தகையது. திருமுழுக்கு, திருமணச் சான்றிதழ்களை உறவினர்கள் வீட்டில் வைத்திருப்பார்கள். திருப்பணி செய்த குருவின் பெயரும் தேதியும் அவற்றில் இருக்கும். குரு துறவற சபையைச் சேர்ந்தவராக இருந்தால் அவருடைய பெயருக்குப் பின்னால் உள்ள சபையின் சுருக்கெழுத்துகளையும் விடாமல் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் அடுத்து எங்கே அனுப்பப்பட்டார் என்பதை அந்தச் சபையின் மாகாணத் தலைவரிடம்தான் கேட்டுப் பெற வேண்டியிருக்கும். மறைமாவட்டம் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிடக்கூடும். தேடலின் காரணம் ஒரு புகார் என்றால், தேடி முடிக்கும்வரை காத்திராமல் காவல்துறையிடம் முதலில் சொல்லிவிடும்படி உங்கள் உறவினரிடம் தெரிவியுங்கள்.